பச்சைக் காலம்

அடுப்பை அணைத்தோமா இல்லையா என்கிற கேள்வி, மாடிப்படியில் ஏழாவது படி ஏறும்போது சலேத் மேரியின் காலைப் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணி, கீழே ஜெராக்ஸ் கடை மூடிக் கிடக்கிறது, கைப்பிடிக் கம்பி சுடுகிறது, இந்த நேரத்திலா இது வரவேண்டும். ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிப் பார்த்தாள். புருஷன் கஸ்பாருக்குச் சோறு போட்டாள், அவர் கை கழுவி வந்து பாயில் சாய்ந்தார், மின்விசிறியை இரண்டில் வைத்தாள், சேலை மாற்றினாள், கதவைச் சாத்தினாள். இதில் பால் எங்கே வருகிறது? சாயங்காலம் அவருக்குக் காப்பி வேண்டுமே என்று பால் காய்ச்சியது சேலை மாற்றுவதற்கு முன்னால்தான். பால் பொங்கி வந்தது, துணியைப் பிடித்துத் தூக்கினாள், அதுவரைக்கும் தெளிவாக இருக்கிறது. குமிழைத் திருகிய கைதான் நினைவில் இல்லை. பால் சட்டியைத் தூக்கிய கைக்கும் கதவைச் சாத்திய கைக்கும் நடுவில் ஒரு கை காணாமல் போயிருக்கிறது. போன் போட்டுக் கேட்கலாம். போன மாதம் கோயிலிலிருந்து அப்படித்தான் கேட்டாள், அவர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அணைஞ்சுதான் கெடக்கு. ஒனக்குக் கோட்டி பிடிச்சிட்டு. இனிமே வெடிச்சாலும் நான் எந்திரிக்க மாட்டேன்" என்றார். சொன்னால் சொன்னபடி செய்கிற மனுஷன். காற்றில் நெருப்பு அணைந்து கேஸ் கசிந்தால் தூங்குகிற ஆளின் மூக்கில் வாடை ஏறுமா, ஏறினால் முழிப்பு வருமா, சமையல்கட்டு ஜன்னல் திறந்துதான் இருக்கிறது, கடல்காற்று அந்தப் பக்கமாகத்தான் வீசும், காற்று வாடையைக் கொண்டுபோகுமா, இல்லை வீட்டுக்குள்ளேயே தள்ளுமா. எட்டாவது படி. ஒன்பதாவது படி. அடுப்பு ஒரு சாக்கு என்று அவளுக்கே தெரியும். திரும்பிப் போக ஒரு காரணம் வேண்டும், மனசு அடுப்பை எடுத்துக் கொடுக்கிறது. மேலே இன்றைக்கு அந்தக் கோயம்புத்தூர்ப் பெண் மூல டேப்பைக் கொண்டுவரப்போகிறாள். அதைப் போட்டார்கள் என்றால், நாற்பது வருஷத்துக்கு முன்னால் சலேத் தன் கையால் திருகிய வேறொரு திருகல் இந்த ஊருக்குத் தெரிந்துபோகும்.

மாடியில் குணசீலன் சாரின் டியூஷன் சென்டர். கிழமை நாட்களில் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு, மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் லாரன்ஸ் – வனமாலா ரசிகர் மன்றம். பெஞ்சுகளில் பதினாறு பதினேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலுக்குப் பழைய பச்சைத் திரை போட்டிருந்ததால் எல்லார் முகத்திலும் குளத்தடியில் இருப்பதுபோல ஒரு வெளிச்சம் அசைந்தது. அவளுக்குப் பிடித்த இடம் கடைசி பெஞ்சின் ஓரம். சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டால் அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிறைகிற சத்தம் சுவருக்குள்ளே கேட்கும், பாட்டும் அந்தச் சத்தமும் கலந்து தலைக்குள் போகும்போது, தான் ஐம்பத்தாறு வயதுக்காரி என்பதும், முழங்கால் வலிக்கிறது என்பதும், எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்பதும் தூரத்தில் யாரோ சொல்லுகிற சேதி மாதிரி ஆகிவிடும். லாரன்ஸ் கிதார் வாசித்துக்கொண்டே கீழ்க்குரலில் பாடுவார், வனமாலா அதன்மேல் மெல்லிசாக வந்து உட்காருவாள். சினிமாவுக்குப் பாடாத ஜோடி. வெறும் கேசட்டுகள்தான், மொத்தம் ஒன்பது. சத்தம் போடாத பாட்டுகள், வீட்டில் யாரோ தூங்கும்போது பாடுகிற மாதிரி. அந்த ஒன்பதையும் இந்த ஊர்க்காரர்கள் மூன்று காலமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். முதல் மூன்று கேசட் பச்சை, அடுத்த நான்கு நீலம், கடைசி இரண்டு வெள்ளை. நீலம் என்றால் கம்பெனிக்காரன் போட்ட அட்டையின் நிறம். வெள்ளையும் அப்படியே. பச்சை என்று வேறு எந்த ஊரிலும் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் அந்த மூன்று கேசட்டின் கம்பெனி அட்டை உண்மையில் மஞ்சள். ஆனால் அந்தக் காலத்தில் கம்பெனி கேசட் தூத்துக்குடிக்கு வரவே இல்லை. பீச் ரோட்டில் ராயப்பனின் ரெக்கார்டிங் கடையில் வெற்றுக் கேசட் வாங்கிக் கொடுத்தால் ஏற்றித் தருவார்கள், பாட்டுப் பெயரெல்லாம் பச்சை மையில் அழகாக எழுதி. ஊரே அதைத்தான் கேட்டது. அந்தப் பச்சை எழுத்துச் சீட்டு ஒன்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கரும்பலகை இருந்த இடத்தில் இப்போது இருக்கிற வெள்ளைப் பலகைக்குப் பக்கத்தில், குணசீலன் சார் மாட்டியிருந்தார். பன்னிரண்டு பாட்டுப் பெயர். கடைசிப் பாட்டுக்கு நேரே மட்டும் 'முழுப் பாட்டு' என்று எழுதி அடியில் ஓர் அலைக்கோடு. யார் எழுத்து என்று யாருக்கும் தெரியாது. ராயப்பன் எழுத்தாக இருக்கும் என்று பேச்சு. ராயப்பன் செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. சலேத் நாலு வருஷமாக இங்கே வருகிறாள், ஒவ்வொரு தடவையும் வருகை நோட்டு வரும்போது "கண்ணாடிய மறந்துட்டேன் சார், நீங்களே எம் பேர எழுதிருங்க" என்கிறாள். கண்ணாடி எப்போதும் கைப்பைக்குள்தான் இருக்கிறது.

"வாங்க மதினி, ஒங்களத்தான் தேடுனோம்" என்று பாக்கியலீலா நகர்ந்து இடம் விட்டாள். பாக்கியலீலா நர்ஸ், எங்கே இருந்தாலும் கடலையோடு இருப்பாள். "இன்னைக்கு ஓட்டெடுப்பாம். ஒவ்வொருத்தரும் போயி போர்டுல கோடு போடணுமாம், எந்தக் காலம் ஒசந்ததுன்னு. சாரோட புஸ்தகம் அச்சுக்குப் போவுது பாருங்க, அதுல முடிவ எழுதப்போறாரு." பலகையில் பச்சை, நீலம், வெள்ளை என்று மூன்று கட்டம். புத்தகம். அது வேறு இருக்கிறது. 'பச்சையிலிருந்து நீலத்துக்கு' என்று பெயர், நூற்றுப் பத்துப் பக்கம், குணசீலன் சார் ஆறு வருஷம் எழுதியது. முன்னால் இரண்டு கட்சியும் கிளம்பிவிட்டது. நீலக் கட்சிக்குத் தலைவர் முத்துவிநாயகம், பாங்கியில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். "வே சார்வாள், பச்சைல அவ பாடுதது பள்ளிக்கூடப் பிள்ள ஒப்பிக்கிற மாதிரில்லா இருக்கு. அவசர அவசரமா, பஸ்ஸப் பிடிக்கப் போறவ மாதிரி. நீலத்துலதான் நின்னு நிதானமாப் பாடுதா. பொம்பளையா ஆயிட்டா." "அண்ணாச்சி, ஒம்ம காதுல மெழுகு அடச்சிருக்கு" என்றார் குணசீலன் சார், பச்சைக் கட்சிக்குத் தலைவர். "அந்த வேகத்துக்குப் பேருதான் சந்தோசம். ஒரு துன்பமும் தொடாத குரல் வே அது. கண்ணாடி வளையல அலசுற மாதிரி. நீலத்துல என்ன ஆச்சு? குரல் இறங்கிட்டு, கனத்துட்டு. எடையில ஏதோ ஏறியிருக்கு. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணரை வருசம் அவ எங்க இருந்தா, என்ன நடந்துச்சு? அதத்தான் நான் மூணாவது அத்தியாயத்துல..." "போச்சு, மூணாவது அத்தியாயத்துக்குப் போயிட்டாரு, ஆளுக்கொரு தலையணை குடுங்க" என்றாள் பாக்கியலீலா. சிரிப்பு. குணசீலன் சாரும் சிரித்தார், ஆனால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். புண்பட்டால் அவர் அதைத்தான் செய்வார். சலேத்துக்கு அவர் கழுத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது, சட்டைக் காலருக்கும் முடிக்கும் நடுவில் ஒல்லியாக, பள்ளிப் பையன் கழுத்து மாதிரி. இவருக்கு இதைவிட்டால் என்ன இருக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை சார், அந்த ஒண்ணரை வருஷத்தில் யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை, நடந்ததெல்லாம் கம்பெனிக்காரன் நீல அட்டைக் கேசட்டை இந்த ஊர்க் கடைகளுக்கு நேராக அனுப்ப ஆரம்பித்தான், அவ்வளவுதான். அவள் சுவரில் தலையைச் சாய்த்தாள். தொட்டிக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

பதினான்கு வயசில் அந்தக் கடைக்குப் போனாள், அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்து பள்ளிக்கூடம் நின்ற வருஷம். தூசி தட்ட, டீ வாங்க, பிறகு சீட்டு எழுத. "பிள்ளக்கு எழுத்து முத்து மாதிரி இருக்கு" என்று ராயப்பண்ணன் ஒரு பச்சைப் பேனா வாங்கிக் கொடுத்தார். பிறகு கேசட் ஏற்றவும் பழகினாள். இரண்டு டெக்கு, இடப்பக்கம் ஓடுவது, வலப்பக்கம் பதிவது. பஞ்சில் மருந்து தொட்டு டெக்கின் வாயைத் துடைக்கவேண்டும், அந்த மருந்து வாடை விரலிலேயே இருக்கும், சோற்றிலும் வரும். வாடை. இப்போது வீட்டில் வாடை வருகிறதோ. இல்லை, பால் சட்டி, துணி, அதற்குப் பிறகு. விடு. பதினாறு வயசில் ராயப்பண்ணன் மதுரையிலிருந்து அந்த மஞ்சள் கேசட்டைக் கொண்டுவந்தார். ஒரே ஒரு கேசட், ஊருக்கே. முதல் தடவை ஏற்றும்போது மத்தியானம், அண்ணன் சாப்பிடப் போயிருந்தார், கடையில் அவள் மட்டும். வனமாலா பாடினாள். தாழ்வாக, அவசரமில்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையைத் தடவுகிற மாதிரி. அந்தக் குரலை இந்த ஊரில் முதலில் கேட்டவர்கள் அவளும் ராயப்பண்ணனும்தான், அவரும் கேட்கவில்லை, அவர் டெக்கில் முள் ஆடுவதைத்தான் பார்ப்பார். கடைசிப் பாட்டு வந்தது. 'விளக்கை நீயே அணைத்துவிடு'. ஊருக்குப் போகிற ஒருத்தனைப் பார்த்து ஒருத்தி சொல்கிற பாட்டு, என்னால் முடியாது, போகும்போது விளக்கை நீயே அணைத்துவிடு என்று. நாலாவது தடவை அந்த வரி வரும்போது, 'விளக்கை நீயே அணை' என்பதோடு டக்கென்று பொத்தான் எழும்பிவிட்டது. வெற்றுக் கேசட் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிஷம்தான். கம்பெனிக் கேசட்டின் இரண்டாவது பக்கம் முப்பத்தொன்றரை. "பரவாயில்ல, எவன் கடைசிவர கேக்கப் போறான்" என்றார் அண்ணன். முதல் இருபது பேருக்கு அப்படியே போயிற்று, அவர்களும் பிறகு முழுப் பாட்டு வேண்டும் என்று அதன்மேலேயே மறுபடி ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு தடவையும் அந்த டக் அவள் பல்லில் அடித்தது. 'அணை' என்பதோடு அந்தப் பெண்ணின் வாயைப் பொத்திவிட்ட மாதிரி இருந்தது. இரண்டாவது பக்கத்திலிருந்து ஒரு பாட்டை எடுத்து முதல் பக்கத்தில் போடலாம் என்றால் அங்கேயும் இடமில்லை. சாப்பாட்டில் கை நிற்கும், அம்மா என்னடீ என்பாள், ஒன்றுமில்லை என்பாள். மோட்டாரின் பின்னால் ஒரு ஓட்டை உண்டு, அதற்குள் ஒரு சின்ன ஸ்குரூ. டெக்கு இழுத்தால் அண்ணன் மெல்லிசான திருப்புளியை விட்டு அதைத் திருகுவதைப் பார்த்திருக்கிறாள். ஒரு மத்தியானம் அவர் சாப்பிடப் போனதும் வலப்பக்க டெக்கை முகம் குப்புறக் கவிழ்த்தாள். நகப்பூச்சால் இருந்த இடத்துக்கு ஒரு புள்ளி வைத்தாள். பிறகு ஒரு நெல் அளவு இடப்பக்கம் திருகினாள். பதிகிற டெக்கு மெதுவாக ஓடினால் நாடா கொஞ்சமாகச் செலவாகும், பாட்டு முழுசும் அடங்கும். எட்டாங்கிளாஸ் படித்த பிள்ளை, யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானே கண்டுபிடித்தாள். 'அணைத்துவிடு' என்று முடிந்தது, கிதார் இறங்கி நின்றது, வெறும் நாடா இரைச்சல் கொஞ்ச நேரம் ஓடியது, அதன்பிறகுதான் டக். அந்த இரைச்சலைப் போல ஒரு நிம்மதியை அவள் பிறகு கேட்கவில்லை. கல்யாணத்திலும் இல்லை, பிள்ளை பிறந்து அழுத சத்தத்திலும் இல்லை. இரண்டாவது புள்ளி வைத்தாள். பழைய புள்ளி மற்றவர்கள் பாட்டுக்கு, புதுப் புள்ளி லாரன்ஸ் – வனமாலாவுக்கு. சீட்டில் 'முழுப் பாட்டு' என்று எழுதி அலைக்கோடு போட்டாள், பெருமைதான். அன்றைக்குச் சாயங்காலம் அந்தக் கேசட்டை வீட்டு டேப்பில் போட்டபோதுதான் தெரிந்தது. மெதுவாகப் பதிந்தது வேகமாக ஓடியது. வனமாலா சின்னப் பிள்ளை ஆகியிருந்தாள். குரல் மேலே போய், மெலிந்து, கண்ணாடி மாதிரி மின்னியது. காலையில் போய்த் திருப்பி வைத்துவிடவேண்டும் என்று நினைத்தாள். காலையில் கடை திறக்கும்போதே ஆள் நின்றது. என்ன குரல், என்ன குரல், எனக்கொன்று, என் மச்சானுக்கொன்று. மூன்று வருஷம். மூன்று கேசட்டுக்கும். புள்ளிக்குப் புள்ளி திருகித் திருகி நகப்பூச்சே தேய்ந்தது. கம்பெனி மூடிப்போனது, மஞ்சள் கேசட் எங்கேயும் கிடைக்காமல் போனது, குணசீலன் சார் தன் பச்சைக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி இணையத்தில் போட்டார், இப்போது யாழ்ப்பாணத்திலும் மலேசியாவிலும் வனமாலா என்றால் அந்தக் கண்ணாடிக் குரல்தான். ஒரு நெல் அளவு.

செருப்புச் சத்தம் கேட்டது. மிருதுளா வந்துவிட்டாள். இருபத்தைந்து வயசு இருக்கும், ஹார்பரில் ஏதோ கப்பல் கம்பெனியில் மூன்று மாதமாக வேலை, தோளில் பை, கையில் சின்ன ஸ்பீக்கர். சலேத் அவளைப் பார்த்ததும் கால்களைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். "லேட்டாயிருச்சுங்க சார், ஆட்டோவே கெடைக்கலீங்க. எங்க மாமா இந்தப் பாட்டெல்லாம் பதிஞ்ச ஸ்டுடியோவுல ரெக்கார்டிங்குக்கு ஒத்தாசையா இருந்தாருங்க. பரண்ல மொதக் கேசட்டோட ஸ்பூல் டேப்பு அப்படியே இருந்துச்சு. ஈரோட்டுல ஒருத்தருகிட்டக் குடுத்து ஏத்தி என் போனுக்கு அனுப்பியிருக்காரு. நானும் இன்னும் கேக்கலைங்க, உங்களோட சேர்ந்து கேக்கலாம்ன்னு." குணசீலன் சார் இரண்டு கையாலும் அந்த ஸ்பீக்கரை வாங்கி மேசைமேல் வைத்தார், நற்கருணை எடுக்கிற மாதிரி. "நாப்பது வருசம்" என்றார். இப்போது எழுந்து போய்விடலாம். அடுப்பு என்று சொன்னால் யாரும் தடுக்கமாட்டார்கள். உண்மையிலேயே அடுப்புதானே. கஸ்பார் வாயைத் திறந்துகொண்டு தூங்குவார், உள்ளே இழுக்கும்போது ஒரு சத்தம், வெளியே விடும்போது ஒரு சத்தம். பால் சட்டி, துணி. கால் எழவில்லை. அந்தக் குரலை அவள் கேட்டும் நாற்பது வருஷம் ஆகிறது. அது நினைவில் இருக்கிறதா, இல்லை தன் திருகல் அதையும் மூடிவிட்டதா என்று அவளுக்கே தெரியவில்லை.

கிதார் ஆரம்பித்தது. ஊர் அடங்கின பிறகு யாரோ நடந்துபோகிற மாதிரி, தாழ்வாக. பிறகு வனமாலா. சலேத்துக்குக் கண்ணை மூடவேண்டியிருக்கவில்லை, பச்சைத் திரை, சாரின் கழுத்து, பலகை எல்லாம் தானாகவே தண்ணீருக்குள் போனது. மருந்து வாடை, மத்தியான வெயில், மடியில் பதினாறு வயசுக் கை. அவள்தான். இவள்தான். உள்ளங்கையைத் தடவுகிறவள். இத்தனை வருஷமும் எங்கேடீ இருந்தாய். ஒரு சரணம்கூட முடியவில்லை, முன் பெஞ்சில் முனகல் கேட்டது. பிறகு குணசீலன் சாரின் குரல், அவர் குரல் மாதிரியே இல்லாமல்: "நிறுத்தும்மா. இது வனமாலா இல்ல." மிருதுளா விழித்தாள். "அவங்கதாங்க சார். டேப்பு டப்பாவுல தேதிகூட இருக்குங்க." "தேதி யாரு வேணும்னாலும் எழுதலாம். இழுத்து இழுத்துப் பாடுதது யாரு? ஸ்பீடக் குறைச்சு வச்சிருக்க." "நான் ஒண்ணுமே பண்ணலீங்க!" "அப்ப ஒங்க மாமா பண்ணியிருக்காரு." முத்துவிநாயகமும் சேர்ந்துகொண்டார், இருபது வருஷத்தில் முதல் தடவையாகச் சாரோடு ஒரே கட்சியாக: "ஏம்மா, எங்க காதுல பூ சுத்தலாம்னு கோயம்புத்தூர்ல இருந்து வந்தியா? வனமாலா குரல நாங்க பாலோட குடிச்சவங்க. இந்தக் காலத்துல போன்ல என்ன வேணும்னாலும் பண்ணுதாங்க. எத்தன பேரு பாப்பாங்கன்னு போட்டுட்டுப் போயிருவாங்க." யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண் பையை எடுத்து மடியில் வைத்து அதன் வாரைப் பிசைந்தாள். "எங்க மாமா அப்படிப்பட்டவர் இல்லீங்க" என்றாள். மூக்கு நுனி சிவந்தது. குணசீலன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, விடுங்க. அது கெடக்கட்டும். நாம ஓட்டெடுப்புக்கு வருவோம்."

ஆக, தப்பித்தாயிற்று. சலேத்துக்கு முதலில் தோன்றியது அதுதான், வெட்கமில்லாமல் அதுதான் தோன்றியது. யாருக்கும் தெரியப்போவதில்லை. புத்தகம் அச்சாகும், கண்ணாடிக் குரல் கண்ணாடிக் குரலாகவே இருக்கும், சாருக்கு மூன்றாவது அத்தியாயம் இருக்கும், அந்தப் பெண் நாளைக்கு ஆபீஸுக்குப் போவாள், ஒரு வாரத்தில் மறந்துவிடுவாள். மறப்பாளா? பொய் சொல்லாத வாயைப் பொய்யென்றால் மறக்குமா? மாமாவுக்குப் போன் போடுவாள். எப்படிப் போச்சு சாமி, கேட்டாங்களா என்பார் அந்த மனுஷன். நாற்பது வருஷம் பரணில் வைத்துக் காத்தவர். என்ன சொல்வாள். ஒவ்வொருவராக எழுந்து போய்க் கோடு போட்டார்கள். பச்சையில் ஐந்தாயிற்று, ஆறாயிற்று, நீலத்தில் நாலு. பாக்கியலீலா கடலைத் தோலைச் சேலையில் தட்டிவிட்டுப் போய் வெள்ளையில் ஒன்று போட்டாள், "பாவம், அதுக்கும் ஒரு ஆளு வேண்டாமா?" மிருதுளா அசையாமல் உட்கார்ந்திருந்தாள், மரியாதைக்கு இருக்கிறாள், வெளியே போனால் அழுவோம் என்று இருக்கிறாள். அவள் வாயைப் பொத்தியாகிவிட்டது. 'அணை' என்பதோடு. டக். சலேத்தின் பல்லில் அது அப்படியே வந்து அடித்தது, பதினாறு வயசில் அடித்த அதே பல்லில். "மதினி, நீங்க போங்க" என்றாள் பாக்கியலீலா. "நாலு வருசமா ஒரு ஓட்டும் போடாம தப்பிக்கியளே, இன்னைக்கு விடமாட்டோம்." அவள் எழுந்தாள். முழங்கால் கடக்கென்றது. பெஞ்சுக்கும் பலகைக்கும் இருபது அடி இருக்கும். நடுவில் கஸ்பார் படுத்திருந்தார், அடுப்பு நீலமாக எரிந்தது, அம்மா என்னடீ என்றாள், ராயப்பண்ணன் பல் குத்திக்கொண்டே வந்தார், அவர் பெயரைக் கெடுத்துவிடுவோமோ, செத்தவர் மேலே பழி விழுமோ, விழாது, நான்தான் என்று சொல்லிவிட்டால் விழாது. குணசீலன் சார் பேனாவை நீட்டினார். பலகைக்கு எழுதுகிற பேனா, பச்சை. "ஒரு கோடு போதும்மா" என்றார். அவள் கைப்பையைத் திறந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். சார் அந்தக் கண்ணாடியைப் பார்த்தார். அவள் பலகைப் பக்கம் திரும்பி, கட்டங்களுக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் எழுத ஆரம்பித்தாள். 'விளக்கை நீயே அணைத்துவிடு'. அதற்கு நேரே 'முழுப் பாட்டு'. ழகரத்தின் அடிச்சுழிப்பு வலப்பக்கமாக நீண்டு ஓடி ஒரு சின்னக் கொக்கியில் நின்றது, அது எப்போதும் அப்படித்தான் நிற்கும். அடியில் அலைக்கோடு.

தண்ணீர்த் தொட்டி நிறைந்து வழிகிற சத்தம் கேட்டது. குணசீலன் சார் பலகையைப் பார்த்தார், சட்டத்துக்குள் இருந்த சீட்டைப் பார்த்தார், மறுபடி பலகை, மறுபடி சீட்டு. ஆறு வருஷ எழுத்தில் இரண்டு பக்கம் அந்த 'முழுப் பாட்டு' என்பதற்கு மட்டுமே விளக்கம் எழுதியிருந்தார், முழுமையான காதலுக்கு ஒரு ரசிகன் இட்ட கையெழுத்து என்று. சலேத் பலகையைப் பார்த்தபடியே பேசினாள், திரும்பினால் பேச்சு நின்றுவிடும். "அந்தப் பிள்ள ஒண்ணும் பண்ணல சார். அவ கொண்டாந்ததுதான் நெசம். ஸ்பீடு மாத்துனது நான். ராயப்பண்ணனுக்குக்கூடத் தெரியாது. மோட்டார்ல ஒரு ஸ்குரூ இருக்கும், அதத் திருகுனேன். நம்ம கேட்டதெல்லாம் கொஞ்சம் வேகமா ஓடுன பாட்டு." "ஏன்?" என்றார் சார். அதட்டலே இல்லை, கணக்கில் ஒரு படி புரியாத மாணவன் கேட்பதுபோலக் கேட்டார். "கடைசிப் பாட்டு அறுந்துபோச்சு சார். ஒண்ணர நிமிசம் பத்தல. முழுசா இருக்கட்டும்னுதான்." பாக்கியலீலாவின் கையிலிருந்த கடலைப் பொட்டலம் கீழே விழுந்தது. "அப்ப நாம நாப்பது வருசமா காதலிச்சது ஒரு ஸ்குரூவயா?" என்றாள். ஒரு நொடி கழித்து முத்துவிநாயகம் சிரித்தார், கண்ணில் நீர் வரச் சிரித்தார், பிறகு பலர் சிரித்தார்கள், சார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முதல் பெஞ்சில் உட்கார்ந்தார், மாணவர்கள் உட்காருகிற இடத்தில். கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒன்றும் நடக்கவில்லை என்பது அவர் முகத்தில் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. சலேத்துக்கு அவர் பக்கத்தில் போய் நிற்கவேண்டும் போலிருந்தது, பேனாவைப் பிடித்தபடி பலகையருகிலேயே நின்றாள். பிறகு அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். "மன்னிச்சிரும்மா. ஒங்க மாமாகிட்டயும் சொல்லு, நான் கேட்டேன்னு." மூச்சை இழுத்துவிட்டு, "கடைசிப் பாட்டு அதுல இருக்கா?" "இருக்குங்க சார்." "போடு. முழுசாப் போடு."

சலேத் நின்ற இடத்திலேயே சுவரில் சாய்ந்துகொண்டாள், கையில் மூடி போடாத பச்சைப் பேனா. பாட்டு அதன் நடையில் வந்தது. யாரும் முனகவில்லை. தாழ்வாக, அவசரமில்லாமல், ஊருக்குப் போகிறவனிடம் கோபமும் இல்லாமல் வனமாலா சொல்லிக்கொண்டே போனாள், திரை அசைந்தது, பதினேழு முகத்திலும் பச்சை வெளிச்சம் ஏறி இறங்கியது, ஒல்லிக் கழுத்தும் மெல்ல அசைய ஆரம்பித்தது, தலையாட்டுகிறாரா, அழுகிறாரா, தலை குனிந்திருந்ததால் தெரியவில்லை. எது ஒசந்த காலம் என்று இப்போது யாரும் தன்னைக் கேட்டுவிடக்கூடாது என்று சலேத் வேண்டிக்கொண்டாள், ஏனென்றால் இரண்டு வனமாலாவும் அவளுக்குள் உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தி உள்ளங்கையைத் தடவினாள், ஒருத்தி வளையலைக் குலுக்கினாள், எவளை எழுப்பி அனுப்புவது. மூன்றாவது தடவை அந்த வரி வந்து போனது. நாலாவது வரப்போகிறது. அப்போது கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள், கஸ்பார். அடுப்பு, வாடை, பால் சட்டி, துணி. விரல் பச்சைப் பொத்தானுக்குப் போனது. போனது, நின்றது. கூப்பிடுகிற மனுஷன் உயிரோடுதான் இருக்கிறார். காப்பிக்கு வழியில்லை என்று கூப்பிடுவார். காத்திருக்கட்டும். 'விளக்கை நீயே அணை' என்று வனமாலா ஆரம்பித்தாள், சலேத்தின் பற்கள் பழக்கத்தில் இறுகின, அவள் போனைக் குப்புறக் கவிழ்த்து நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள், அது அவள் எலும்பில் அதிர்ந்துகொண்டே இருக்க, '-த்துவிடு' என்று அந்தச் சொல் முழுசாக வந்து இறங்கியது, கிதார் நின்றது, அதற்குப் பிறகு வெறும் நாடா இரைச்சல், ஒருவரும் எழுந்து அணைக்காமல், ஓடிக்கொண்டே இருந்தது.